கன்றைத் தொடாதே

ஒரு கன்றுக்குட்டி கத்துகிறது. பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்குப் பின்புறம் யாரோ மாடு வைத்திருக்கிறார்கள். மேய்ச்சலுக்குப் போன தாய் திரும்ப நேரமாகிவிட்டால் அந்தக் கன்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுக்கும். கல்யாணப் பத்திரிகையோ கண்ணீர் அஞ்சலியோ, கம்ப்யூட்டரில் எதை அடித்துக்கொண்டிருந்தாலும் என் விரல்கள் நின்றுவிடும். சேற்றுத் தண்ணீரின் வாசனை மூக்கில் ஏறும். எங்கள் ஊரில் ஏது ஆறு? கரிசல் மண், மக்காச்சோளம், பருத்தி, வெயில். ஆனாலும் அந்தக் குரல் வந்தால் என் காலடியில் கொள்ளிடம் ஓடும்.

நாலைந்து வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆடி மாதம். அரியலூர் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் கொள்ளிடம் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் போய் மறுபடி ஒன்றாகச் சேர்கிறது. நடுவில் ஒரு திட்டு. நான்கு பக்கமும் ஆறு சூழ்ந்த மண். அதில் வாழை, கரும்பு, நெல், சில தெருக்கள், ஓர் அம்மன் கோயில். தீவு என்றால் கடலில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தவள் நான்.

அந்தக் கோயிலுக்குக் குடமுழுக்கு. விழா மலர் அடிக்கும் வேலை எங்கள் அச்சகத்துக்கு வந்தது. முதல் பக்கத்தில் ஊர் வரலாறு வேண்டும் என்றார்கள், ஆனால் எழுதித் தர ஊரில் யாரும் முன்வரவில்லை. கல்யாணப் பத்திரிகைகளுக்கு நாலு வரி வாழ்த்து எழுதிக் கொடுப்பவள் என்பதால் முதலாளி என்னை அனுப்பினார். எனக்கும் ஓரிடத்தில் உட்காராத கால்கள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு விடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

வடகரையில் ஸ்கூட்டியை ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன். திட்டுக்குப் போக அப்போது பாலம் கிடையாது. கோடையில் மணலில் நடந்தே போய்விடலாம். அன்று முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உரமூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று புறப்படத் தயாராக இருந்தது. ஓட்டியவருக்கு நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாத மனிதர்.

"வரலாறு எழுதவா வந்திருக்கீங்க? எங்க அண்ணிகிட்ட விட்டுடுறேன். ஊருல வாய் சாஸ்தி அதுக்குத்தான்."

"உங்களை விடவா?" என்றேன்.

"நான் அதுகிட்ட ட்ரெய்னிங் எடுத்தவன்ங்க."

அண்ணி மாட்டுக்கொட்டகையில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, முறுக்கிக் கட்டிய கொண்டை, ஆளை எடை போடும் கண்கள். கணவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். அந்த வாரம் முழுக்க அவருக்கு வெளியூர் லோடு. மகள் திருச்சியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். ஐந்து கறவை மாடுகளும் ஒரு கன்றும் இவர் பொறுப்பு. முதலில் நின்றது ஒரு செவலைப் பசு. நெற்றியில் மட்டும் வெள்ளை. அதன் கன்றுதான் முளைக்குச்சியில் கட்டப்பட்டு நின்றது. ஈன்று ஒரு மாதம் ஆகியிருக்கும்.

"அக்கா, இந்த ஊரு எப்ப உண்டாச்சு?"

"அது யாருக்குத் தெரியும்?"

"பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்கள்ல?"

சாணக்கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார். "எழுதிக்க. வெள்ளம் வந்துச்சு, போனோம். வடிஞ்சுது, வந்தோம். மறுபடி வந்துச்சு, போனோம். வடிஞ்சுது, வந்தோம். அம்புட்டுத்தான் வரலாறு."

"ஒரு பக்கம் வர்ற மாதிரி சொல்லுங்கக்கா."

"அதையே திருப்பித் திருப்பி எழுது. பக்கம் ரொம்பிடும்."

சிரித்தார். ஆனாலும் சொன்னார். ஆறு தெற்குப் பக்கம் தின்னும், வடக்குப் பக்கம் துப்பும் என்றார். அவர் இங்கே வாழ வந்தபோது நெல் அடித்த களம் இப்போது ஆற்றுக்குள் இருக்கிறது. அப்போது தோணி நின்ற இடத்தில் இப்போது கொழுந்தனின் வாழை நிற்கிறது. ஊர் இருந்த இடத்திலேயே இருப்பதாக வெளியாட்கள் நினைக்கிறார்கள், அது கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டே இருக்கிறது என்றார். என் கால்களைப் போலவே ஓர் ஊர்.

வீடுகளெல்லாம் இடுப்பு உயரக் கடைக்காலின் மேல் நின்றன. எல்லார் வீட்டுப் பரணிலும் வாய் இறுகக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் குடம் இருந்தது. ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் அதற்குள். தண்ணீர் வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இங்கே பெண் கொடுக்க வெளியூர்க்காரர்கள் யோசிக்கிறார்களாம். "எங்க அப்பாவும் யோசிச்சாரு. நாந்தான் மாப்ள மூஞ்சியப் பாத்துட்டு ஆத்தப் பாக்காம விட்டுட்டேன்" என்றார் அக்கா.

கேட்டுக்கொண்டே நான் கன்றின் நெற்றியைத் தடவினேன். அது கண்ணை மூடிக்கொண்டு என் உள்ளங்கையில் மூச்சு விட்டது.

"தடவுனாப் போதும், தாயி நெனப்பே அதுக்கு இருக்காது. நம்ம வூட்டு ஆம்பளைங்க மாதிரி."

அப்போதுதான் வடகரையிலிருந்து ஒலிபெருக்கி கேட்டது. ஆட்டோவில் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள். காற்று பாதியைத் தின்றுவிட்டது. மேலே அணையில் தண்ணீரைக் கூடுதலாகத் திறந்துவிட்டார்கள், திட்டில் இருப்பவர்கள் உடனே கரைக்கு வந்துவிட வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. அக்கா முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வெள்ளம் ஏறுவதை அளக்கக் கொட்டகை ஓரம் நட்டிருந்த கல்லைப் போய்ப் பார்த்தார். வாய்க்கால் வழியே தண்ணீர் அதற்குள் கல்லின் அடியை நக்கிக்கொண்டிருந்தது.

காலையில் டிராக்டர் வந்த வழியில் மதியத்துக்குள் படகு வந்துவிட்டது. முழங்கால் தண்ணீர் ஆளை மூழ்கடிக்கும் ஆழமாகியிருந்தது. நிறமும் மாறிப்போயிருந்தது. அடைஅடையாக நுரை, வேரோடு பிடுங்கிய நாணல், எங்கோ ஒரு வீட்டின் கதவு. ஊர்க்காரர்களின் மரப்படகு இரண்டு, அரசாங்கம் அனுப்பிய படகு ஒன்று. முதியவர்களும் குழந்தைகளும் முதலில் போனார்கள். யாரும் அழவில்லை, ஓடவும் இல்லை. பஸ் ஏறுகிறவர்களைப் போல வரிசையில் நின்றார்கள், கையில் அந்தப் பிளாஸ்டிக் குடங்களோடு.

வி.ஏ.ஓ. நனைந்த பேன்ட்டோடு வீடு வீடாக வந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர். தொண்டை கட்டிப்போயிருந்தது.

"ஏறுங்கம்மா. மாட்டையெல்லாம் ஏத்த முடியாது. அவுத்து விட்டுடுங்க, மேட்டுல நின்னுக்கும்."

"போன வெள்ளத்துல அப்புடித்தான் சார் சொன்னீங்க. அவுத்து விட்டுட்டுத்தான் வந்தேன். தண்ணி வடிஞ்சு வந்து பாக்குறேன், காரி மாடும் மயில மாடும் நாணல்ல சிக்கி ஊதிக் கெடந்துச்சு. அதுங்க கண்ணு இன்னும் எம்முன்னால நிக்குது."

"உசுரு முக்கியமா மாடு முக்கியமா?"

"இதுங்க இருந்தாத்தான் சார் எம்பொண்ணு படிப்ப முடிப்பா. நீச்ச வுட்டுக் கொண்டாந்துடுறேன். இப்ப வுட்டா ஏறிடும். வெயில் சாஞ்சா முடியாது."

காலையில் டிராக்டர் ஓட்டிய கொழுந்தன் இப்போது படகிலிருந்து குரல் கொடுத்தார். "அண்ணி, மாட்டுக்கு ஓட்டு இருந்தா ஏத்திக்கலாமாம்! சார் யோசிக்கிறாரு!"

வி.ஏ.ஓ.வுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அக்கா வேலையை ஆரம்பித்துவிட்டார்.

அந்தத் திட்டில் மாட்டை ஆற்றில் இறக்க ஒரு முறை உண்டு. அடித்து இறக்கினால் பாதி ஆற்றில் திரும்பிவிடும். அதனால் முன்னோடி மாட்டின் கன்றை முதலில் படகில் எதிர்க்கரைக்குக் கொண்டு போவார்கள். பால் குடிக்க விடாமல் கொண்டு போய், தண்ணீர் ஓரத்தில் கட்டுவார்கள். கன்று கத்தும். தாய் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நீந்தும். மற்ற மாடுகள் தாயின் பின்னால் வரும். ஆற்றின் இரைச்சலில் மனிதக் குரல் கரைந்துவிடும். தாய்க்குக் கன்றின் குரல் மட்டும் கேட்கும். கயிறும் தடியும் செய்யாததை அந்தக் குரல் செய்யும்.

கொழுந்தன் படகை மாடுகளுக்குப் பக்கவாட்டில் ஓட்ட வேண்டும். அக்கா தண்ணீரில் இறங்க வேண்டும். கன்றோடு போக ஆள் இல்லை. அக்கா என்னைப் பார்த்தார்.

"எனக்கு நீச்சல் தெரியாதுக்கா."

"ஒன்னை யாரு நீந்தச் சொன்னா? கவர்மெண்டு படகுல ஒக்காந்து கன்னப் புடிச்சுக்க. கரைக்குப் போனதும் தண்ணியோரமா கட்டிட்டுத் தள்ளிப் போயி நில்லு." என் மணிக்கட்டைப் பிடித்தார். சாணமும் பாலும் மணக்கும் கை. "தொடாத. தடவாத. யாரையும் கிட்ட வுடாத. அது தனியா நிக்கணும். நம்மளுக்குன்னு யாருமில்லைன்னு அது நெனைக்கணும். அப்பத்தான் கத்தும். வெளங்குச்சா?"

விளங்கியது என்று தலையாட்டினேன்.

படகில் கன்று என் மடியில் நடுங்கியது. அதன் இதயம் என் தொடையில் அடித்தது. கரை சேர்ந்து, தண்ணீர் ஓரத்தில் இருந்த ஒரு கருவேலங்கட்டையில் அதைக் கட்டினேன். தள்ளி நிற்கத் திரும்பினேன், அதற்குள் கூட்டம் வந்துவிட்டது.

குறை சொல்லவே முடியாத கூட்டம். கரையூர்க்காரர்கள் புளிச்சோறு கிண்டி அண்டாவோடு வந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தைத் திறந்து பாய் விரித்திருந்தார்கள். டீக்கடைக்காரம்மா கடையை மூடிவிட்டு எல்லாருக்கும் சும்மாவே டீ ஊற்றிக்கொண்டிருந்தார். நனைந்து நின்ற கன்றைப் பார்த்ததும் அவர் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"அடி எந்தங்கமே, எப்புடி வெடவெடங்குது பாரு!"

முந்தானையால் துவட்டினார். அப்படியே உட்கார்ந்து மடியில் சாய்த்துக்கொண்டார். யாரோ சாக்கைப் போர்த்தினார்கள். யாரோ பிஸ்கட் நீட்டினார்கள். நாலு பேர் செல்போனில் படம் எடுத்தார்கள்.

"தொடக்கூடாதுங்க, அக்கா சொல்லியிருக்காங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பச்சக் கன்னும்மா. ஒனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

அந்த ஒரு வார்த்தையில் நான் அடங்கிப் போனேன். ஈரம் இல்லாதவள் என்ற பெயரை யாரால் சுமக்க முடியும்? கன்றும் பாவம்தானே, கொஞ்ச நேரம் சூடாக இருக்கட்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கன்று டீக்கடைக்காரம்மாவின் மடியில் கண்ணை மூடிக்கொண்டது. அதன் நடுக்கம் நின்றது. எல்லாரும் "ச்சு ச்சு" என்றார்கள்.

எதிரில், திட்டின் மேற்கு முனையில், மாடுகள் தண்ணீரில் இறங்கின. இழுத்துப் போகும் தண்ணீரில் கிழக்கே நாங்கள் நிற்கும் இடத்தில் வந்து ஏறும் கணக்கு. முதலில் செவலை. அதன் வாலைப் பிடித்தபடி அக்கா. இரண்டு காலி எண்ணெய் கேன்களை மூடி இறுக்கி அக்குளுக்குக் கீழே கட்டியிருந்தார். பின்னால் மற்ற நான்கு மாடுகள். பக்கவாட்டில் கொழுந்தனின் படகு. தண்ணீருக்கு மேலே கொம்புகளும் மூக்குகளும் மட்டும் தெரிந்தன. கறுப்பும் சிவப்புமாக, மிதக்கும் சிறு திட்டுகளைப் போல.

நட்டாற்றில் செவலை தலையைத் தூக்கியது. காதுகள் முன்னால் விறைத்தன. கேட்கிறது. கேட்டுக்கொண்டே இருக்கிறது. கரையில் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் மடியில் கன்று தூங்குகிறது.

செவலையின் மூக்கு மெல்ல மேற்கே திரும்பியது. பிறகு தெற்கே, திட்டைப் பார்த்து. அதன் பின்னால் வந்த மாடுகளும் வரிசை கலைந்து ஒன்றன்மேல் ஒன்று மோதின. அக்காவின் தலை ஒருமுறை தண்ணீருக்குள் போய் வந்தது. கொழுந்தன் எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கத்தினார். வாய் அசைவதுதான் தெரிந்தது. என்ன கத்தினார் என்று எனக்குத் தெரியும்.

அதன்பிறகு நடந்ததை நினைத்தால் செய்தது நான்தானா என்று இன்றும் சந்தேகமாக இருக்கிறது. ஓடிப்போய் அந்தச் சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். டீக்கடைக்காரம்மாவின் கைகளை விலக்கிக் கன்றைக் கழுத்தோடு இழுத்தேன்.

"ஏய்! என்னாடி பண்ற?"

"வுடுங்க! அது கத்தணும்! கத்தாட்டி அங்க ஒரு உசுரு போயிடும்!"

"பைத்தியமா இவ?"

"எல்லாரும் போங்க! மேல போங்க! போங்கன்னா போங்க!"

ஒருவர் செல்போனை நீட்டியபடி கிட்டே வந்தார். அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். சேற்றை அள்ளி எறியக்கூடத் தயாராக இருந்தேன். பெண்கள் என்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பின்வாங்கினார்கள். யாரோ மண்ணை அள்ளித் தூற்றினார்கள். வி.ஏ.ஓ.தான் முதலில் புரிந்துகொண்டார். ஆற்றை ஒருதரம் பார்த்துவிட்டு, கட்டிய தொண்டையால் "எல்லாரும் கரைமேல ஏறுங்க" என்று கூட்டத்தை ஓட்டினார். நான் கன்றை மறுபடி கட்டையில் கட்டினேன். அது என் கையைத் தேடி மூக்கை நீட்டியது. நக்க வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். வாழ்க்கையில் நான் நடந்ததிலேயே கஷ்டமான நடை அது. திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்த்தால் போய்விடுவேன்.

கரைமேல் எல்லாரும் நின்றோம். கீழே தண்ணீர் ஓரத்தில் கன்று மட்டும். அது இடப்பக்கம் பார்த்தது. வலப்பக்கம் பார்த்தது. யாரும் இல்லை. காலுக்கருகே ஆறு உறுமுகிறது. கயிறு நீளும் வரை போய்ப் பார்த்தது.

பிறகு கத்தியது.

அந்தச் சின்ன உடம்புக்குள் அத்தனை பெரிய குரல் எங்கே இருந்ததோ. ஒரு குரலுக்கும் அடுத்த குரலுக்கும் நடுவே நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. மூன்றாவது குரலோ நான்காவது குரலோ, செவலையின் தலை சுழன்றது. மூக்கைத் தூக்கிப் பதிலுக்கு ஒரு குரல் கொடுத்தது. அந்தப் பதில் ஆற்றையே கிழித்துக்கொண்டு வந்தது. அதன்பின் அது நீந்தவில்லை, தண்ணீரை உழுதது. மற்ற மாடுகள் அதன் பின்னால். வால் நுனியில் அக்கா, எருவில் ஒட்டிய வைக்கோலைப் போல.

கணக்குப் போட்ட இடத்தைத் தாண்டி, வெகு தூரம் கிழக்கே தள்ளிப் போய்த்தான் கரையேறின. செவலை நிற்கவே இல்லை. ஈரம் சொட்டச் சொட்டக் கரையோரமாகவே ஓடிவந்து கன்றை முகர்ந்தது. கன்று மடியை முட்டியது. டீக்கடைக்காரம்மா அதைப் பார்த்து ஓவென்று அழுதுவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வாட்டி திட்டிப்புட்டேன்" என்றார்.

"மூணு வாட்டி" என்றேன். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

அக்கா கேன்களை அவிழ்த்து எறிந்துவிட்டுக் கரையில் கால் நீட்டி உட்கார்ந்தார். உதடு நீலமாகியிருந்தது. "என்ன டீச்சர், தொடாதன்னு சொன்னா தூங்க வச்சிருக்க?" என்றார். எழுத வந்தவள் என்பதால் அவருக்கு நான் டீச்சர். அவருக்கு முன்னால் குனிந்து நின்றேன். "சரி வுடு. கடைசீல மனசக் கல்லாக்கிட்ட பாரு, அது போதும்."

மற்றவர்களை மடியில் போட்டுத் தட்டிக்கொடுப்பதுதான் அன்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். அச்சகத்துக்கு வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் நாலு வரிகளும் அப்படித்தான், தடவிக்கொடுக்கிற வரிகள். சில குரல்கள் வெளியே வந்தால்தான் யாரோ ஒருவர் கரையேற முடியும் என்றும், அதற்காகத் தள்ளி நின்று, ஈரமில்லாதவள் என்று பெயர் வாங்கவும் துணிய வேண்டும் என்றும் அந்தக் கன்று எனக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. என் மகள் வெளியூர் வேலைக்குப் போய் முதல் வாரம் போனில் அழுதபோது, வந்துவிடு என்று சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது அந்தக் கரையில் கற்ற தைரியத்தில்தான்.

பொழுது சாயும் நேரம். பள்ளிக்கூட மைதானத்தில் மாடுகள் வரிசையாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஆறு பெருகி, திட்டில் தென்னைகளின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. கரைமேல் மேட்டில் ஆளுக்கொரு மனை தருவதாகப் பேச்சு இருக்கிறது, இனிமேலாவது அங்கே வந்துவிடுங்கள் என்று வி.ஏ.ஓ. அக்கறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கேட்டுக்கொண்டார். அவர் கண் மட்டும் தண்ணீருக்கு நடுவே கோயில் கோபுரத்தின் மேலேயே இருந்தது.

நான் ஸ்கூட்டியைக் கிளப்பினேன். "அப்ப மலர் அடிச்சதும் எடுத்துட்டு வரேன்க்கா. இந்தப் பள்ளிக்கூடத்துலதானே இருப்பீங்க?"

அக்கா கன்றின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே ஆற்றின் பக்கம் மோவாயை நீட்டினார்.

"இங்க வேணாம். அங்க கொண்டாந்து குடு."